ஆளில்லாத பம்ப் ஹவுஸைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2005 டிசம்பர் 14 அதிகாலையில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மலைமேல் கட்டியிருந்த டாம் சாக் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்து உடைந்தது. இரவில் தண்ணீரை மேலே ஏற்றி, பகலில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. தொலைவிலிருந்தே இயக்கினார்கள். நீர்மட்ட சென்சார்கள் இருந்த குழாய்கள் பிடிப்பிலிருந்து கழன்று விலகியிருந்ததால், உண்மையைவிடக் குறைந்த மட்டத்தையே அவை காட்டின. கடைசிப் பாதுகாப்பாக வைத்திருந்த சென்சார்களோ, கரையின் மிகத் தாழ்ந்த இடத்தைவிட உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. தண்ணீர் அவற்றைத் தொடும் முன்பே வழிய ஆரம்பித்துவிட்டது. பல நூறு கோடி லிட்டர் தண்ணீர் சரிவில் இறங்கி, கீழே இருந்த பூங்காக் கண்காணிப்பாளரின் வீட்டை அடித்துக்கொண்டு போனது. அவர் குடும்பம் காயங்களோடு உயிர் பிழைத்தது.

ஆளில்லாத இடத்தைத் தொலைவிலிருந்து இயக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டிய சம்பவம் இது. திரை தவறாகக் காட்டினாலும், சிக்னலே போய்விட்டாலும், அந்த இடம் தானாகவே பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும். அந்த ஏற்பாட்டை முடித்த பிறகுதான் மொபைல் செயலி, திரை, வரைபடம் எல்லாம். பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் செயலியைக் காட்டுகிறார்கள், மோட்டார் எரிந்த பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உதாரணத்துக்கு நமக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆழ்துளைக் கிணறு, அதில் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், பக்கத்தில் சின்ன மோட்டார் ரூம். ஊருக்குள் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. இப்போது டேங்க் ஆபரேட்டர் ஒருவர் வண்டியில் போய் ஸ்விட்ச் போட்டுவிட்டு வருகிறார். இதே வரிசை கழிவுநீர் ஏற்றும் நிலையத்துக்கும், தொழிற்சாலையின் தூரத்து நீரேற்று அறைக்கும் அப்படியே பொருந்தும்.

படி 1: வாங்குவதற்கு முன் ஒரு தாள்

ஆபரேட்டரோடு உட்கார்ந்து, அங்கே தவறிப்போகக்கூடியவற்றை எல்லாம் எழுதுங்கள். கிணற்றில் தண்ணீர் வற்றுவது, ஒரு பேஸ் போவது, வோல்டேஜ் இறங்குவது, தொட்டி வழிவது, வழியில் குழாய் உடைவது, வால்வு மூடியே கிடப்பது, சென்சார் கெடுவது, சிக்னல் போவது, யாரோ பூட்டை உடைப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: அந்த நொடியில் இடம் தானாக என்ன செய்ய வேண்டும்? பிறகு யாருக்குத் தெரிய வேண்டும்?

அந்த மனிதருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இருக்காது. சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓட்டினால் தண்ணீர் இறங்கும், எந்த நேரத்தில் வோல்டேஜ் குறையும், எந்த வால்வு இறுகும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. அவரை ஒதுக்கிவிட்டு அமைத்த திட்டம் நிலைக்காது.

படி 2: இடம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்

இதற்குத்தான் அதிகப் பணமும் நேரமும் செலவழிக்கச் சொல்வேன்.

மோட்டார் பேனலில் ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்தால் நிறுத்தும் கருவி) கண்டிப்பாக இருக்கும். அதோடு சிங்கிள் பேஸிங் (மூன்று பேஸில் ஒன்று போய்விடுவது), பேஸ் வரிசை மாறுவது, வோல்டேஜ் குறைவது, கூடுவது ஆகியவற்றுக்கான பாதுகாப்பும் வேண்டும். டிரை ரன் பாதுகாப்பு ஆழ்துளைக் கிணற்றுக்குத் தவிர்க்கவே முடியாதது. தண்ணீர் இல்லாமல் சுற்றும்போது மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும். அந்தக் குறைவைக் கண்டுபிடித்து நிறுத்தும் ரிலேக்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. கிணற்றுக்குள் தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. நிறுத்திய பிறகு கிணறு ஊறுவதற்கு நேரம் கொடுக்கும் டைமரும் அதிலேயே இருக்கட்டும். உடனே திரும்ப ஸ்டார்ட் ஆகி, மறுபடி டிரை ரன்னில் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகும் மோட்டார் சீக்கிரம் வீணாகிவிடும்.

கரன்ட் போய் வந்ததும் மோட்டார் உடனே ஓடக் கூடாது. அந்த லைனில் இருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆக முயல்வதால் அந்த முதல் நிமிடங்களில்தான் வோல்டேஜ் படுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் தாமதம் வையுங்கள். அருகருகே பல மோட்டார்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாமதம்.

அடுத்தது சிக்னல் போனால் என்ன செய்வது என்ற விதி. தொட்டி ஊருக்குள், மோட்டார் ஊருக்கு வெளியே. தொட்டியிலிருந்து ‘இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி நிமிடத்துக்கு ஒரு முறை மோட்டார் ரூமுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் வரவில்லை என்றால் மோட்டார் நிற்கட்டும். ஆனால் இது குடிதண்ணீர். சிக்னல் இரண்டு நாள் வராவிட்டால் ஊரே காய்ந்துபோகும். எனவே இரண்டாவது விதியும் வேண்டும்: தொடர்பு இல்லாத நாளில் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரம் மட்டும் டைமரில் ஓடட்டும்.

அப்படி ஓடும்போது தொட்டி வழியாமல் இருக்க, எந்த மின்னணுவும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. தொட்டியின் நுழைவாயிலில் மிதவை வால்வு வையுங்கள். தொட்டி நிறைந்ததும் அது மூடும். குழாயில் அழுத்தம் ஏறும். மோட்டார் ரூமில் இருக்கும் அழுத்த ஸ்விட்ச் அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும். சிம் வேண்டாம், ஆன்டெனா வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று மட்டும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. மோட்டார் ரூமுக்குள் ஒருவர் கைவைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, எங்கோ உட்கார்ந்திருப்பவர் ‘ஸ்டார்ட்’ அழுத்திவிடக் கூடாது. பேனலில் ரிமோட், ஆஃப், லோக்கல் என்ற மூன்று நிலை ஸ்விட்ச் வேண்டும். அது கம்பி வழியாகவே ரிமோட் கட்டளையைத் துண்டிக்க வேண்டும். மென்பொருளில் மட்டும் தடுத்தால் போதாது. மெயின் ஐசொலேட்டரில், அதாவது மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் ஸ்விட்சில், பூட்டுப் போடும் வசதியும் வேண்டும். பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் யாரும் பேனலைத் தொட வேண்டும். ‘இந்த இயந்திரம் எந்த நேரத்திலும் தானாக ஓடத் தொடங்கும்’ என்று கதவில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள்.

படி 3: எதை அளப்பது

குறைவாக அளங்கள், நம்பும்படி அளங்கள். தொட்டியின் மட்டம், மோட்டாரின் கரன்ட், வோல்டேஜ், குழாயில் ஓட்டம், கதவு திறந்ததா என்ற ஒரு ஸ்விட்ச். தொடக்கத்துக்கு இவை போதும்.

மட்டத்துக்கு, தொட்டியின் அடியில் இறக்கும் அழுத்த சென்சார் என் தேர்வு. மூடிய தொட்டிக்குள் ஆவி படிந்து நீர்த்துளி ஒட்டும்போது அல்ட்ராசானிக் சென்சார் தடுமாறும். இந்த சென்சார்கள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் தரும். பூஜ்யத்துக்கு 0 கொடுக்காமல் 4 கொடுப்பதில் பெரிய நன்மை இருக்கிறது. கம்பி அறுந்தால் 0 வரும், தொட்டி காலியானால் 4 வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் அதை அளவாக எடுக்காமல் கோளாறாக எடுக்கும்படி நிரல் எழுதச் சொல்லுங்கள். 0 முதல் 4 மீட்டர் வரை அளக்கும் சென்சார் வாங்கினால் ஒரு மீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர் ஏறும். 3 மீட்டர் ஆழத் தொட்டி நிறையும்போது 16 வரும். மல்டிமீட்டரை வைத்தே ஆபரேட்டர் சரிபார்த்துவிடலாம்.

இப்போது ‘மோட்டார் ஓடுகிறது’ என்பதற்கு வருவோம். திரையில் பச்சை விளக்கு எரிகிறது. அந்த விளக்கு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கட்டளை அனுப்பியதால் எரிகிறது என்றால் அதற்கு மதிப்பே இல்லை. கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) துணைத் தொடர்பிலிருந்து வந்தால், கான்டாக்டர் இழுத்தது என்று மட்டும் பொருள். கரன்ட் அளவிலிருந்து வந்தால் மோட்டார் மின்சாரம் எடுக்கிறது. ஓட்டமானியிலிருந்து வந்தால்தான் தண்ணீர் போகிறது. இந்த நான்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பழுது இருக்கிறது. கரன்ட் இருக்கிறது, ஓட்டம் இல்லை என்றால் வால்வு மூடியிருக்கலாம், தண்ணீர் வற்றியிருக்கலாம். ஓட்டம் இருக்கிறது, தொட்டி ஏறவில்லை என்றால் குழாய் உடைந்திருக்கலாம். நம் தொட்டியின் பரப்பு 10 சதுர மீட்டர் என்றால், நிமிடத்துக்கு 150 லிட்டர் ஏறும்போது மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் உயர வேண்டும். விநியோக வால்வு மூடியிருக்கும் நேரத்தில் இருபது நிமிடம் ஓடியும் 30 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் யாராவது குழாய் வழியே நடந்து பார்க்க வேண்டும்.

மாறாத அளவையும் சந்தேகப்படுங்கள். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில், பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த தொட்டியின் மட்டமானி ஓரிடத்தில் சிக்கி அதே எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. தனியாக வைத்திருந்த உச்ச மட்ட ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மோட்டார் ஓடும்போது மட்டம் அசையவே இல்லை என்றால் அதுவே ஓர் அலாரம். சென்சாரோடு சம்பந்தமே இல்லாத ஒரு மிதவை ஸ்விட்சை உச்சத்தில் வையுங்கள். அதைக் கையால் தூக்கி அவ்வப்போது சோதியுங்கள்.

குளோரின் அளவையும் தொலைவிலிருந்து பார்க்க ஆசை வரும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500. ஆனால் அந்த சென்சார்களுக்கு அடிக்கடி அளவுத்திருத்தம் வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாதவரை சோதனைக் கிட்டை வைத்துக் கையால் பார்ப்பதே நம்பகமானது.

படி 4: பெட்டி, பேட்டரி, இடி

பெட்டிக்குள் ஒரு சிறிய பி.எல்.சி. (எழுதிக் கொடுத்த நிரல்படி இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) அல்லது ஆர்.டி.யூ. (தூரத்து இடத்திலிருந்து அளவுகளை அனுப்பி, கட்டளைகளை வாங்கும் கருவி) போதும். எதை வாங்கினாலும் மாட்பஸ் பேசுகிறதா என்று பாருங்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1979-இல் வந்த நெறிமுறை அது. எனர்ஜி மீட்டர், ஓட்டமானி, டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) என்று பலவும் இன்றும் அதைப் பேசுகின்றன. ஒரே கம்பெனியின் செயலியோடு மட்டும் பேசும் பெட்டியை வாங்கினால், அந்தக் கம்பெனி கடையை மூடும் நாளில் உங்கள் கண்காணிப்பும் மூடும்.

கரன்ட் போன செய்தி கரன்ட் போன பிறகுதான் வர வேண்டும், எனவே பேட்டரி தேவை. சராசரியாக 3 வாட் எடுக்கும் பெட்டிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 28 மணி நேரம் வரும். பாதியை நம்புங்கள். தகரப் பெட்டிக்குள் வெயிலில் வெந்த பேட்டரி சீக்கிரம் வலுவிழக்கும். பேனலை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். கேபிள் நுழையும் ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் கான்டாக்டருக்குள் போய் நிறுத்திய மோட்டார்கள் நிறைய.

மேல்நிலைத் தொட்டிதான் ஊரிலேயே உயரமான இடம், இடி அங்கேதான் இறங்கும். தொட்டி உச்சியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் கம்பி இழுத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுவந்தால், மின்னலுக்கு நீங்களே பாதை போட்டதாக ஆகும். நடுவில் வயர்லெஸ் வையுங்கள். இருபுறமும் சர்ஜ் (திடீர் மின் பாய்ச்சல்) பாதுகாப்பும் நல்ல எர்த்திங்கும் வேண்டும். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

படி 5: தொடர்பு

தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை வெகுதூரம் அனுப்பும் முறை) நன்றாக வேலை செய்யும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, அனுமதிக்கப்பட்ட சக்திக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அங்கிருந்து வெளியுலகுக்கு 4ஜி. எந்த நெட்வொர்க் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேனல் இருக்கும் இடத்திலேயே, மாலை நெரிசல் நேரத்திலும், கரன்ட் போன நேரத்திலும் சோதியுங்கள். டவருக்கும் அதே லைனில்தான் மின்சாரம் வருகிறது. அதன் பேட்டரி பலவீனமாக இருந்தால் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் சிக்னல் இருக்காது.

அனுப்பும் முறைக்கு எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறை பொருத்தமானது. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கவே அதை உருவாக்கினார்கள், அதனால் மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புக்கு அது ஏற்றது. பெட்டியின் தொடர்பு திடீரென்று அறுந்தால் அதைச் சர்வரே எல்லோருக்கும் அறிவிக்கும் வசதியும் அதில் உண்டு, மறக்காமல் பயன்படுத்துங்கள். இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளைப் பெட்டி நேரக் குறிப்போடு சேமித்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும்.

படி 6: அலாரம்

1994-இல் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களுக்குள் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. அத்தனையில் எதைப் பார்ப்பது? நம் ஆபரேட்டரின் போனிலும் அதேதான் நடக்கும். ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வந்தால் மூன்றாவது நாள் போனைச் சைலன்ட்டில் போட்டுவிடுவார். தவறு அவர்மேல் இல்லை.

யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்றால் மட்டுமே அது அலாரம். மற்றவை பதிவேட்டில் கிடக்கட்டும். கரன்ட் போனால் ஒரே செய்தி. அதன் விளைவாக வரும் ‘ஓட்டம் இல்லை’, ‘மோட்டார் நின்றது’ எல்லாவற்றையும் அடக்கிவிடுங்கள். அலை அடித்து மட்டம் ஏறி இறங்கும்போது அலாரம் வந்து வந்து போகாமல் இருக்கச் சில நொடித் தாமதமும், 95 சதவீதத்தில் வந்தால் 90-க்கு இறங்கிய பிறகே போகும்படி இடைவெளியும் வையுங்கள். செய்தியில் என்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கட்டும்: ‘தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. மோட்டார் ரூம் போய் மெயினை ஆஃப் செய்யவும்.’ செய்தியைப் பார்த்ததாகப் பதினைந்து நிமிடத்தில் அவர் பதில் தரவில்லை என்றால் அடுத்தவருக்குப் போகட்டும். இரவு நேர அவசரத்துக்குக் குரல் அழைப்புதான், குறுஞ்செய்தியில் தூக்கம் கலையாது.

படி 7: கட்டளை

முதல் மாதம் பார்க்க மட்டும் விடுங்கள். திரை சொல்வதையும் நேரில் இருப்பதையும் ஆபரேட்டர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவருக்கு நம்பிக்கை வந்த பிறகு ‘ஸ்டாப்’ கொடுங்கள். கடைசியாக ‘ஸ்டார்ட்’.

உண்மையில் தினமும் யாரும் ஸ்டார்ட் அழுத்தத் தேவையே வரக் கூடாது. 40 சதவீதத்தில் ஓடு, 90-இல் நில் என்று பி.எல்.சி.-யிடம் சொல்லிவிட்டு, அந்த எண்களை மட்டும் தொலைவிலிருந்து மாற்றலாம். யாராவது 90-க்குப் பதில் 900 என்று அடித்தாலும் பி.எல்.சி. ஏற்கக் கூடாது, எல்லைகள் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் ஆயுள் வேண்டும். காலை 6 மணிக்கு அழுத்திய ஸ்டார்ட், நெட்வொர்க்கில் சிக்கி, 8 மணிக்குச் சிக்னல் வந்ததும் போய்ச் சேர்ந்து, மோட்டார் ரூமில் ஒருவர் நிற்கும்போது மோட்டாரை ஓடவைத்தால் என்ன ஆகும்? முப்பது நொடிக்கு மேல் பழையதானால் பெட்டி அதைத் தூக்கிப்போட வேண்டும். எம்.க்யூ.டி.டி.-யில் கடைசிச் செய்தியைச் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் மறுபடி கொடுக்கும் ‘ரீட்டெயின்’ வசதி இருக்கிறது. நிலைத் தகவலுக்கு அது நல்லது. கட்டளைக்கு அதை ஒருபோதும் போடாதீர்கள்.

படி 8: கதவைப் பூட்டுவது

2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், கழிவுநீர் நிலையங்களுக்குத் தொலைக்கட்டுப்பாட்டை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், ரேடியோவும் மடிக்கணினியும் வைத்துக்கொண்டு பம்புகளைத் தன் இஷ்டத்துக்கு இயக்கினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பா நகரக் குடிநீர் அமைப்பின் ஒரு பூஸ்டர் நிலையத்தில் (அழுத்தத்தைக் கூட்டும் இடம்) பி.எல்.சி. இணையம் வழியே ஊடுருவியவர்களால் கைப்பற்றப்பட்டது. அந்த வகைக் கருவிகள் இணையத்தில் திறந்து கிடந்ததையும், தொழிற்சாலையிலிருந்து வந்த 1111 என்ற பாஸ்வேர்டையே பலர் மாற்றாமல் வைத்திருந்ததையும் அமெரிக்க அரசின் எச்சரிக்கை சுட்டிக்காட்டியது. ஊழியர்கள் கையால் இயக்கும் முறைக்கு மாறிச் சமாளித்தார்கள். லோக்கல் ஸ்விட்ச் இருந்தால்தான் அப்படி மாற முடியும்.

எனவே பெட்டிக்குப் பொது இணைய முகவரி கொடுத்து போர்ட்டைத் திறக்காதீர்கள். பெட்டி வெளியே அழைக்கட்டும், வெளியிலிருந்து யாரும் உள்ளே அழைக்கக் கூடாது. வி.பி.என். (மறையாக்கம் செய்த தனிப் பாதை) வழியே மட்டும் நுழைவு. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ஒப்பந்தம் முடிந்தவரின் கணக்கு அன்றே மூடப்பட வேண்டும். பார்ப்பவர் வேறு, இயக்குபவர் வேறு. மரூச்சி நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது: ரேடியோ இணைப்பும் ஒரு வாசல்தான். லோரா செய்திகளையும் மறையாக்கம் செய்யுங்கள்.

படி 9: ஒப்படைக்கும் நாள்

கான்ட்ராக்டர் திரையைக் காட்டி முடித்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லோரும் மோட்டார் ரூமுக்குப் போங்கள். மெயினை இறக்குங்கள், செய்தி வருகிறதா? ஆன்டெனாவைக் கழற்றுங்கள், பத்தாவது நிமிடம் மோட்டார் நிற்கிறதா? சென்சார் கம்பியைக் கழற்றினால் திரை 0 என்று காட்டுகிறதா, கோளாறு என்று காட்டுகிறதா? மிதவையைத் தூக்குங்கள். தொட்டி வால்வை மூடி அழுத்த ஸ்விட்ச் வெட்டுகிறதா பாருங்கள். ஒரு ஃபியூஸைக் கழற்றச் சொல்லி சிங்கிள் பேஸிங்கைச் சோதியுங்கள். இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மட்டும், மெயினை ஆஃப் செய்து பூட்டிய பிறகு செய்ய வேண்டும். படி 1-இல் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக டிக் போடுங்கள். டிக் விழாத வரிக்குப் பணம் கிடையாது.

பி.எல்.சி. நிரலின் நகல், வயரிங் வரைபடம், எல்லாப் பாஸ்வேர்டுகளும் ஊராட்சியின் கையில் இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் பிறகு கேட்டு வாங்குவது கஷ்டம்.

அப்புறம், சிம் ரீசார்ஜ். சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் நல்ல நிலையில் இருந்த அமைப்புகள் பல இதனால்தான் முடங்குகின்றன. கருவி பழுதாகியிருக்காது, ரீசார்ஜ் யார் பொறுப்பு என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆண்டுக் கட்டணமாகக் கட்டி, முடியும் தேதியைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதன் பக்கத்திலேயே பேட்டரி மாற்றிய தேதியும், எர்த் அளந்த தேதியும், மிதவை ஸ்விட்ச் கடைசியாகத் தூக்கிப் பார்த்த தேதியும் இருக்கட்டும். கோடை தொடங்கும் முன் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் அந்தத் தாளை வைத்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.